வில்லங்கம் பார்க்காத வீடு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். லொரெய்ன் ஹுடாக் பொய் சொல்லத் தெரியாதவள். பதினோரு வருடம் பள்ளிச் சமையலறையில் என் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு மசித்தவள். அவளுக்கு நடந்ததை, அவள் வாயால் கேட்டபடியே சொல்கிறேன்.

எங்கள் பென்சில்வேனியா ஊரில் வில்லங்கம் பார்க்காமல் யாரும் வீடு வாங்குவதில்லை. லொரெய்ன் வாங்கினாள். விற்றவன் அவள் கணவன் ஸ்டானின் பெரியப்பா மகன் எமில். 'எனக்குள்ள உரிமை எதுவோ அதை விட்டுத் தருகிறேன்' என்று ஒரே தாளில் கையெழுத்துப் போட்டான். வேறு யாருக்கு உரிமை உண்டு என்று ஒரு வார்த்தை இல்லை.

"ரெக்கார்டு ஆபீஸ்ல ஒரு தடவ வில்லங்கம் பாத்துருவோமே" என்றாள் லொரெய்ன்.

"பெரியப்பா மகனையே சந்தேகப்படுறியா? ஞாயித்துக்கிழம சர்ச்சுல அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றான் ஸ்டான்.

அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். இருந்த சின்ன வீட்டை விற்று இதில் போட்டார்கள். திரும்பிப் போக இடம் கிடையாது.

ஜனவரி பதினேழு. பிற்பகல் 3.40. வெளியே பனி கொட்டியது. ஸ்டான் சாமான் ஏற்றிவரப் போயிருந்தான். லொரெய்ன் பின்னறையைக் கூட்டப் போனாள். காலி அறை. வீடு முழுக்கக் குளிரில் விறைத்துக் கிடக்க, அது மட்டும் கதகதப்பாக இருந்தது...

3.52. கதவு சாத்திக்கொண்டது. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். கைப்பிடியைத் திருகினாள். திறக்கவில்லை. ஜன்னலைத் தூக்கினாள். அசையவில்லை. கைபேசி கூடத்தில் கிடந்தது.

4.00. டக்... டக்... டக்...

சுவரில். அறைக்கு உள்ளேயிருந்து.

"யாரு?"

காதோரம் ஒரு கிழவியின் குரல்.

"விறகு எங்க?"

லொரெய்ன் திரும்பிப் பார்த்தாள், அறையில் யாருமில்லை.

"நாலு மணியாச்சு. விறகு எங்க?"

"கொண்டாறேம்மா... கதவத் தொறந்து விடுங்க..."

"தெனமும்?"

"தெ... தெனமும்."

க்ளிக்.

ஸ்டான் வந்தபோது அவள் செருப்பில்லாமல் பனியில் நின்றுகொண்டிருந்தாள். அவன் எமிலுக்குப் போன் போட்டான். எமில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏன், நீங்க விறகு வைக்கலையா?"

மறுநாள் காலை ரெக்கார்டு ஆபீஸுக்கு ஓடினார்கள். எழுத்தர் அம்மாள் 1931-ம் வருடப் பத்திரத்தை எடுத்துக் காட்டினாள். வெரோனா பால்கோ என்ற விதவை வீட்டை மகனுக்கு எழுதியிருந்தாள். ஆயுள் உள்ளவரை பின்னறை அவளுக்கு. வீடு யார் கைக்குப் போனாலும், குளிர்காலத்தில் தினமும் நாலு மணிக்கு அவளுக்கு விறகு தர வேண்டும். அவள் இறந்ததாகப் பதிவே இல்லை. கல்லறையும் இல்லை. அந்த உரிமை தீராமல், இனி வீட்டை விற்கப் போனாலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

"அப்பவே அவளுக்கு அறுபத்தாறு வயசும்மா!" என்று ஸ்டான் கத்தினான்.

"வயசக் காட்டி பேர நீக்க முடியாது சார். செத்ததுக்குக் காகிதம் வேணும். இல்லேன்னா கோர்ட்டுக்குப் போங்க."

போனார்கள். ஊர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அந்த அறையில் உரிமை கோருபவர் யாராவது இருந்தால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் உரிமை போச்சு. லொரெய்ன் நாள் எண்ணினாள். நாலு மணிக்கு விறகும் வைத்தாள், பாவம்.

இருபத்தொன்பது நாளும் யாரும் வரவில்லை. ஸ்டான் பியர் பாட்டிலைத் திறந்தே விட்டான்.

முப்பதாம் நாள் காலை 9.05-க்குக் கோர்ட்டிலிருந்து போன் வந்தது.

தபாலில் ஒரு பதில் வந்திருக்கிறதாம். ஒரே வரி. 'நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.'

கையெழுத்தை 1931 பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள்.

ஒரே கை.