எந்தக் கை, எந்த விரல்?

போன செவ்வாய்க்கிழமை தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் கவுன்ட்டரில் சண்டை போட்டேன். நன்றாகவே போட்டேன். வருத்தமே இல்லை.

கூட வந்தவர் ஜரீனா. பம்மலில் எங்கள் தெருக்காரர். தோல் பை செய்யும் பட்டறையில் தோல் வெட்டும் மெஷினில் வேலை. இரண்டு வாரம் முன்பு பிளேடு இறங்கி, வலது கை ஆள்காட்டி விரலை மடக்கும் தசைநார் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்து இணைத்திருக்கிறார்கள். சில வாரங்களுக்கு அந்தக் கையால் எதையும் பிடிக்கக் கூடாது. பிடித்தால்... உள்ளே போட்ட தையல் விட்டுப்போகும். அப்புறம் விரல் மடங்கவே மடங்காது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன இருந்தது தெரியுமா? 'இடது கை விரலில் வெட்டுக்காயம். தையல் போடப்பட்டது.' அவ்வளவுதான். எந்த விரல்? தசைநார் எங்கே போனது?

எதிரில் உட்கார்ந்து எழுதிய டாக்டருக்கு, தன் இடது பக்கம் தெரிந்த கை இடது கையாகிவிட்டது!

நான் பிழைப்புக்கு மெடிக்கல் கோடிங் பார்ப்பவள் என்று உங்களுக்குத் தெரியும். டாக்டர் எழுதுவதை எண்களாக மாற்றும் வேலை. எங்கள் பட்டியலில் வலது கைக்கு ஒரு எண், இடது கைக்கு வேறு எண். ஒவ்வொரு விரலுக்கும் தனி. தோல் கிழிந்தால் ஒன்று, தசைநார் அறுந்தால் இன்னொன்று. வெறுமனே 'விரலில் வெட்டு' என்று வந்தால் திருப்பி அனுப்பிக் கேட்போம். அதிகப்பிரசங்கி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஜரீனாவின் சூப்பர்வைசருக்கோ அந்தச் சம்மரிதான் வேதவாக்கு. சாதாரண வெட்டு, அதுவும் இடது கை, நாளைக்கே மெஷினுக்கு வா என்று சொல்லிவிட்டார்.

"கையக் காட்டினா, அவரு பேப்பரக் காட்றாரு அக்கா. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் ஜரீனா.

அதனால்தான் கிளம்பினோம். கவுன்ட்டர்காரர், சம்மரி சிஸ்டத்தில் லாக் ஆகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். ஒரு விரலுக்கு இவ்வளவா என்றும் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆபரேஷன் குறிப்பை எடுத்துப் பாருங்கள், டாக்டர் தேதி போட்டுத் திருத்தம் எழுதும்வரை நகர மாட்டேன் என்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நகரவில்லை.

குறிப்பை எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும் விடுவாரா? திருத்தம் கேட்கும் படிவத்தை நீட்டினார். நோயாளிதான் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஜரீனா கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கிக் காட்டினார். சரி, இடது கை ரேகை போதும் என்று இங்க் பேடைத் தள்ளினார்.

கவுன்ட்டரில் அதுவரை வாயே திறக்காத ஜரீனா, பேடை அவர் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"நான் பத்தாவது பாஸ் சார். ரேகை வெக்க மாட்டேன். ஏன் கையெழுத்துப் போட முடியலன்னு நீங்களே எழுதுங்க."

முனகிக்கொண்டே எழுதினார்: 'வலது கை ஆள்காட்டி விரலில் தசைநார் அறுவை சிகிச்சை. கையெழுத்திட இயலாது.' எழுதி முடித்த பிறகுதான், எதை மாற்ற முடியாது என்றோமோ அதையே தன் கையால் மாற்றி எழுதிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. திருத்தம் எழுத டாக்டரை ஃபோனில் கூப்பிட்டார்.

ஜரீனா இப்போது வீட்டில் ஓய்வில் இருக்கிறார். காயம் வலது கையில்தான் இருக்கிறது... பேப்பரிலும்!