இடப்பக்கத்துப் பெட்டி

விளம்பரத்தில் போட்டிருந்த படம் தெளிவாக இல்லை. சுவரோரமாக இரண்டு உயரமான மரப் பெட்டிகள் நின்றன. ஒன்றின்மேல் யாரோ துவாயைக் காயப் போட்டிருந்தார்கள். "வாப்பாவின் பழைய ஸ்பீக்கர். இங்கிலாந்தில் செய்தது. வீடு மாறுகிறோம். வெள்ளவத்தை" என்று மட்டும் எழுதியிருந்தது. பேர்ணடெற் அந்தப் படத்தை அலுவலகத்தில் வைத்தும் பஸ்ஸில் வைத்தும் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தாள். இதற்குள் வேறு யாராவது வாங்கியிருப்பார்களோ என்ற பயம் ஒருபக்கம். இத்தனை நாளாக ஏன் ஒருவரும் வாங்கவில்லை என்ற பயம் மறுபக்கம்.

அவள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். வயது நாற்பத்தெட்டு. கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் ஆவணப் பகுதியில் வேலை. கணவன் ரொனி துறைமுகத்தில் கிரேன் இயக்குபவன். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோவிலில் பாடகர் குழாமை நடத்துவது பேர்ணடெற்தான். பதினான்கு பேர் சேர்ந்து பாடும்போது யாருடைய குரல் சுருதியை விட்டு ஒரு மயிரிழை கீழே நிற்கிறது என்பதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அதற்காகக் குழாமில் எல்லாரும் அவளுக்குக் கொஞ்சம் பயந்தார்கள். அந்தப் பயம் அவளுக்குத் தெரியும், பிடித்தும் இருந்தது.

சனிக்கிழமை காலை இருவரும் வெள்ளவத்தைக்குப் போனார்கள். கடற்பக்க ஒழுங்கையொன்றில் மாடிவீடு. கதவைத் திறந்தவள் ஷிம்னா என்ற இளம்பெண். கூடம் முழுவதும் கட்டிவைத்த அட்டைப் பெட்டிகள்.

"வாப்பா மௌத்தாகி ரெண்டு வருஷம். அதுக்குப் பொறகு ஒத்தரும் போடல்ல. வேல செய்யுமோ தெரியா" என்றாள் ஷிம்னா, இறந்த தகப்பனின் பெட்டிகளைக் காட்டி.

பேர்ணடெற் முன்பக்கத் துணிமூடியைக் கழற்றினாள். பெரிய கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் விரல் பட்டதும் உதிர்ந்தது. ஆணிகளில் துரு. ரொனி அவளைப் பார்த்துக் கண்ணால் 'போவோம்' என்றான். ஆனால் ஷிம்னா பழைய அம்பிளிஃபயரைப் போட்டுத் தன் போனை அதில் இணைத்துவிட்டாள். ஒரு பெண் பாடத் தொடங்கினாள். அடியில் கரகரவென்று ஒரு அதிர்வு இருந்தது. அதையும் மீறி அந்தக் குரல் இரண்டு பெட்டிகளிலிருந்தும் வராமல் நடுவில் இருந்த வெறுஞ்சுவரிலிருந்து வந்தது. ஆள் அங்கே நிற்பது போல.

பேர்ணடெற் பாட்டு முடியும்வரை அசையவில்லை. "எடுக்கிறன்" என்றாள்.

திரும்பி வரும்போது சின்ன லொறியின் பின்னால் அவளே ஏறி உட்கார்ந்துகொண்டாள். காலி நகருக்கான பெருவீதியில் ஒவ்வொரு பிரேக்குக்கும் பெட்டிகளை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள்.

பாமன்கடையில் பஸீர் என்பவர் பழைய வானொலிகளும் ஸ்பீக்கர்களும் திருத்துகிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் கொண்டுபோனார்கள். ஒடுங்கிய கடை. அவர் கூம்பைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த ஃபோம் நம்மட காத்துக்கு நிக்காது மிஸ். தொட்டா பிட்டு மாதிரி உதிரும். கூம்பு நல்லா ஈக்கிது. ரெண்டுக்கும் புது வளையம் போட்டுத் தாறன்."

பத்து நாளில் பெட்டிகள் திரும்பி வந்தன. அந்த மாசி மாதத்தை பேர்ணடெற் இன்றைக்கும் சொல்லுவாள். வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி, கூடத்தின் நடுவில் வைத்த நாற்காலியில் உட்காருவாள். குழாம் டிசெம்பரில் பாடிய நத்தார் ஆராதனையைப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். அதைப் போட்டபோது, குழாமில் பாடும் ரஜனி தன் பாட்டு அடிக்கு முன் மூச்சு இழுப்பதும், பின்வரிசையில் யாரோ தாளைப் புரட்டுவதும் கேட்டன. ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் நின்றார்கள். எழுந்துபோய்த் தொடலாம் போலிருந்தது. இசையில் அதிகம் அக்கறையில்லாத ரொனியே, "இந்தா, ரஜனி எங்கட அலுமாரிக்குப் பக்கத்தில நிக்கிறா" என்று சிரித்தான்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டு கிழமை இருக்கும். ஒரு மாலை அதே பதிவைப் போட்டாள். நடுவில் நிற்கவேண்டிய குரல் வலப்பக்கமாக நகர்ந்து நின்றது.

நாற்காலியை அரை அடி நகர்த்தினாள். சரிவரவில்லை. இடக்காதை இடப்பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனாள். சத்தம் வந்தது. ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருவது போல. உச்சத்தில் இருக்கவேண்டிய மினுக்கம் இல்லை.

பஸீர் பெட்டியின் உள்ளே குனிந்து பார்த்தார். மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் பிரித்து அனுப்பும் சிறு பலகை ஒன்று உள்ளே இருந்தது. அதிலிருந்த கப்பாசிற்றர்கள் ஐம்பது வருடப் பழசு. "இதுகள் களைச்சுப் போயிருக்கும். ரெண்டு பெட்டிக்கும் ஒரே நேரத்தில மாத்தினாத்தான் சரி" என்றார்.

மாற்றியதும் பேர்ணடெற் வீட்டில் போட்டுக் கேட்டாள். வலப்பெட்டி முன்னெப்போதும் இல்லாத அழகில் பாடியது. இடப்பெட்டி போர்வைக்குள்ளேயே இருந்தது. வலம் திருந்தியதால் இடத்தின் மந்தம் இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது.

மூன்றாம் முறை போனபோது பஸீர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மிஸ், பெட்டி ரெண்டையும் இடம் மாத்தி வெச்சிப் பாத்தீங்களா? மந்தம் பெட்டியோட போனா பெட்டியில பிழ. போகாம இடப்பக்கத்திலேயே நிண்டா பெட்டி நல்லம். பிழ வேற எங்கயோ."

"ஓம் பஸீர் நானா, பாத்தனான். பெட்டியோடதான் போகுது" என்றாள் பேர்ணடெற்.

அவள் அப்படிச் செய்து பார்க்கவே இல்லை. ஏன் பொய் சொன்னாள் என்று பஸ்ஸில் வரும்போது தன்னையே கேட்டாள். பதில் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. சில கிழமைகளுக்கு முன் அலுவலகத்தில் ஒன்றைக் கவனித்திருந்தாள். இருபத்திரண்டு வருடமாகத் தொலைபேசி ரிசீவரை இடக்கையால் இடக்காதில் வைத்து, வலக்கையால் எழுதியவள் அவள். இப்போது ரிசீவரை வலக்காதுக்கும் தோளுக்கும் நடுவில் நெரித்துக்கொண்டு, கழுத்தைக் கோணி எழுதிக்கொண்டிருந்தாள். எப்போது மாறினாள் என்பது அவளுக்கே தெரியாது.

பெட்டிகளை மாற்றி வைக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை அவள் இரண்டு மாதம் தள்ளிப்போட்டாள். வயர் மாற்றினாள். திரைச்சீலை சத்தத்தைக் குடிக்கிறதோ என்று கழற்றினாள். இடப்பெட்டியின் மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரை மாற்றித் தரும்படி பஸீரிடம் கேட்டாள். அவர் மறுத்தார். கருவியில் வைத்து இரண்டையும் அளந்து, "ரெண்டும் ஒண்டுதான் மிஸ். நல்லா ஈக்கிறதக் கழட்ட எனக்கு மனமில்ல" என்றார். அவள் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் பாட்டுப் போடுவதையும் நிறுத்தினாள். ரொனி கேட்டபோது, "தலையிடி" என்றாள்.

ஆவணி மாதம் பங்குத் திருவிழாவுக்கு ஒத்திகை நடந்தது. கீழ்க்குரல் பாடும் பெண்கள் எப்போதும் அவளுடைய இடப்பக்கம் நிற்பார்கள். ரஜனியும் அவர்களில் ஒருத்தி.

"கீழ்க்குரல் ஆக்கள் சாப்பிடேல்லையா? ஒண்டுமே கேக்கேல்ல!" என்று பேர்ணடெற் அதட்டினாள். அவர்கள் உரக்கப் பாடினார்கள். "இன்னும்!" என்றாள். திருவிழா அன்றும் கையை உயர்த்தி உயர்த்திக் காட்டினாள். பூசை முடிந்ததும் பங்குத்தந்தை அவளைத் தனியே கூப்பிட்டு, "என்ன பிள்ளை, இண்டைக்கு ஒரு பக்கம் மட்டும் கத்தினமாதிரிக் கிடந்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

வெளியே ரஜனி கண்கலங்கி நின்றாள். "அக்கா, என்னோட என்ன கோவம்? மூண்டு தரம் கூப்பிட்டனான். திரும்பியும் பாக்கேல்ல."

"எப்ப கூப்பிட்டனி?"

"இப்பத்தான். உங்கட பக்கத்தில நிண்டு."

பேர்ணடெற் நேரே வீட்டுக்கு நடந்தாள்.

ரொனி வேலைக்குப் போயிருந்தான். பிற்பகல், நல்ல வெயில். சேலையை மாற்றாமலே பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்து நகர்த்தி, இடம் மாற்றி வைத்தாள். பாட்டைப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மந்தம் இடப்பக்கத்திலேயே நின்றது. அம்பிளிஃபயராக இருக்கலாம், சுவராக இருக்கலாம் என்று மனம் இன்னும் வாதாடியது. எழுந்து நாற்காலியை முழுதாகத் திருப்பிப் பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இப்போது இடப்பக்கம் வந்த மற்றப் பெட்டி போர்வைக்குள் போய்விட்டது. இதுவரை மங்கிக் கிடந்த பெட்டி அவளுடைய வலப்பக்கத்தில் பளீரென்று பாடியது.

இரண்டு பெட்டிகளிலும் ஒரு குறையும் இல்லை.

ரொனி வந்தபோது அவள் அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பஸீரிடம் சொன்ன பொய்யையும் சொன்னாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா அது உண்மையாகிடும் எண்டு நினைச்சன்."

அவன் சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "காதில அழுக்கு அடைச்சிருக்கும் டெற்றி. நாளைக்கே காட்டுவம்."

அழுக்கு என்று அவளும் ஆசைப்பட்டாள். காது வைத்தியர் பஹ்மா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காது ரெண்டும் கிளீனா இருக்கு" என்றபோது அந்த ஆசை போயிற்று. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துச் செவிப் பரிசோதனை செய்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். இடக்காதில் சோதிக்கும்போது கேட்கிறதா, கேட்பதாக நினைக்கிறாளா என்று அவளுக்கே புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்து அழுத்தினாள். பரிசோதனைத் தாளில் விழுந்த கோடு காட்டிக்கொடுத்தது.

"ஒரு பக்கம் மட்டும் இப்படிக் குறைஞ்சா காரணத்தைத் தேடத்தான் வேணும். தலையை ஸ்கேன் பண்ணுவம்" என்றார் வைத்தியர்.

பொரளையில் ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கை வர ஆறு நாள். அந்த ஆறு நாளில் பேர்ணடெற் போனில் தேடி வாசிக்கக் கூடாததையெல்லாம் வாசித்தாள். படி இறங்கும்போது தலை சுற்றுகிறதோ என்று நின்று பார்த்தாள். கண்ணாடியில் முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரிக்கிறதா என்று சிரித்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை ரொனி வேலை முடிந்து நேரே கொச்சிக்கடைக் கோவிலுக்குப் போய்விட்டு, சட்டையில் மெழுகுதிரி மணத்தோடு வந்தான்.

அறிக்கையை வைத்தியர் இரண்டு தரம் வாசித்த பிறகே நிமிர்ந்தார்.

"கேக்கிற நரம்பில ஒரு சின்னக் கட்டி இருக்கு. பயப்படாதீங்க. புற்றுநோய் இல்ல. பட்டாணி அளவும் வராது. இது மெதுவா வளரும். சிலருக்கு வளராமலே நிண்டுடும். இப்ப வெட்டத் தேவையில்ல. ஆறு மாசத்தில திரும்பப் படம் எடுத்துப் பாப்பம்."

"போன காதுக் கேள்வி திரும்பி வருமா டொக்டர்?"

"வராது" என்றார் பஹ்மா. சுற்றி வளைக்கவில்லை. பிறகு கேட்டார்: "இவ்வளவு சின்னதா இருக்கும்போது கனபேர் வாறதில்ல. நடக்கத் தடுமாறத் தொடங்கினாத்தான் வருவாங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ரொனிதான் சொன்னான்: "வீட்டில ரெண்டு பெரிய பெட்டி இருக்கு டொக்டர்."

அடுத்த ஒத்திகையில் அவள் குழாமின் முன் நின்று விஷயத்தைச் சொன்னாள். கீழ்க்குரல் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டாள். ரஜனி ஓடிவந்து கட்டிக்கொண்டாள், வலப்பக்கமாக. வேறொருவர் நடத்தட்டும் என்று பேர்ணடெற் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டாள். இப்போது குழாம் முழுவதும் அவளுடைய வலப்பக்கம் நிற்கிறது. சுருதி தப்புகிறது என்று இன்னும் தெரிகிறது. யாருடையது என்பது மட்டும் சில நாளில் தெரிவதில்லை. அப்போது ரஜனியைப் பார்ப்பாள். ரஜனி கண்ணால் ஆளைக் காட்டுவாள்.

பஸீரிடமும் போய் உண்மையைச் சொன்னாள். "நான் அண்டைக்கே உங்கள இங்க இருத்திக் கேக்க வெச்சிருக்கோணும்" என்றார். பிறகு தானாகவே அவளுடைய அம்பிளிஃபயரைக் கேட்டு வாங்கி, பின்னால் தட்டிப் போடவும் நிறுத்தவும் ஒரு சின்ன ஆளி வைத்துக் கொடுத்தார். அதைப் போட்டால் இரண்டு பக்கத்து இசையும் கலந்து இரண்டு பெட்டிகளிலும் ஒன்றாக வரும். ஒரு காதாலேயே எல்லாவற்றையும் கேட்கலாம். ஆனால் நடுவில் ஆள் நிற்பது போய்விடும். அவள் பெரும்பாலும் அந்த ஆளியைப் போட்டே கேட்கிறாள். சில மாலைகளில் மட்டும் நிறுத்திவிட்டு ரொனியை நடு நாற்காலியில் உட்காரவைப்பாள்.

"ரஜனி எங்க நிக்கிறா?"

"அலுமாரிக்கு இந்தப் பக்கம். கொஞ்சம் முன்னுக்கு."

"பின்வரிசை?"

"பொறும், கேக்கிறன்" என்று அவன் கண்ணை மூடுவான்.

பங்குனியில் இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி வளரவில்லை. அடுத்தது ஒரு வருடத்துக்குப் பிறகு. ஒரு வருடம் என்றதும் ரொனி பெருமூச்சு விட்டான். பேர்ணடெற்றுக்கு அது நீண்ட காலமாகத்தான் பட்டது. காலையில் எழுந்ததும் இடக்காதுக்குப் பக்கத்தில் இரண்டு விரல்களைத் தேய்த்துப் பார்க்கிறாள். அந்தச் சின்னச் சரசரப்பு நேற்றுப்போலவே கேட்டால், எழுந்துபோய்த் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைக்கிறாள்.