ஒரு நிமிடத்தில் ஏழு மிருகங்கள்

பல்கலைக்கழகத்தில் பெனிற்றா என்ன படிக்கிறாள் என்பதை வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவந்தார்கள். அம்மா அருமைநாயகி, பள்ளிக்கூடச் சமையலறையில் தன்னோடு வேலை செய்பவர்களிடம் "டொக்டர் மாதிரித்தான், ஆனால் ஊசி போடுறதில்லை" என்பாள். அப்பா அருள்நேசன், தபால் பிரிக்கும் நிலையத்தில் யாராவது கேட்டால் "மூளை" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது சனம் நேரே அவளிடமே வரும்.

"பிள்ளை, நான் இப்ப என்ன நினைக்கிறன் எண்டு சொல்லும் பாப்பம்?" என்று வத்சலா அன்ரி ஒருமுறை வழியை மறித்தார்.

"ரோல்ஸ் முடிஞ்சுபோச்சே எண்டு நினைக்கிறீங்கள், அன்ரி."

"ஐயோ, அப்பிடியே சொல்லிப்போட்டாள்!"

வத்சலா அன்ரியின் பார்வை பலகாரம் தீர்ந்த வெறும் தட்டிலேயே நின்றதைத்தான் அவள் கவனித்திருந்தாள். ஆனாலும் அன்றிலிருந்து மண்டபத்தில் அவளுக்கு மனத்தை வாசிக்கிறவள் என்று ஒரு பெயர் உண்டாகிவிட்டது.

பல்கலைக்கழகத்தில் அப்படியொரு பெயர் அவளுக்கு இல்லை. குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அங்குள்ள வழக்கங்களைச் சொல்லித்தர வீட்டில் எவரும் இல்லை. விரிவுரையாளர்களின் கதவுகளில் 'ஆபிஸ் அவர்ஸ்' என்று நேரம் ஒட்டியிருந்ததைப் பார்த்து, அந்த நேரத்தில் அவர்கள் முக்கியமான வேலையில் இருப்பார்கள், தட்டக்கூடாது என்று முதல் வருடம் முழுக்க நினைத்திருந்தாள். மாணவர்கள் வந்து பேசுவதற்காகவே ஒதுக்கிய நேரம் அது என்று தெரிந்த நாளில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. இருந்தாலும் படிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு கண்ணாடித் தகட்டில் நீலச் சாயம் ஏற்றிய நரம்புக் கலங்களை முதன்முதலாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, இதற்குள் எங்கேதான் கோபம் இருக்கும், எங்கே மறதி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு, அடுத்தவளுக்கு இடம் விடாமல் நின்றுவிட்டாள்.

கடைசி வருட ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது சொற்சரளம். வயதானவர்களிடம் ஒரு வகையைச் சொல்லி, அந்த வகையில் எத்தனை பெயர்களை ஒரு நிமிடத்தில் சொல்கிறார்கள் என்று எண்ணும் சோதனை. நினைவாற்றல் தளர்கிறதா என்று பார்க்க மருத்துவர்களும் இதைப் பயன்படுத்துவதுண்டு. வழக்கமாகக் கேட்கும் வகை மிருகங்கள். அதை லண்டன் தமிழர்களிடம் தமிழிலேயே செய்து பார்ப்பது அவளுடைய திட்டம். மேற்பார்வையாளர் டொக்டர் மார்ஷ், முதலில் வீட்டில் யாரையாவது வைத்து ஒத்திகை பார்க்கச் சொன்னார்.

அருள்நேசன் சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னப்பா, ஹோம் ஒபிஸ் விசா இன்ரவியூவே?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"சும்மா இரும். ரெக்கோர்ட் ஆகுது."

"அப்பா, ஒரு நிமிசத்துக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்ச மிருகங்கள் எல்லாத்தையும் சொல்லுங்கோ. நான் ஒண்டும் கதைக்க மாட்டன். தொடங்குங்கோ."

"யானை, சிங்கம், புலி, கரடி, நரி, சிறுத்தை." பிறகு கொஞ்சம் பொறுத்து, "காட்டுப்பண்டி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு முகட்டைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை. நேரம் முடிந்து அலாரம் அடித்தது.

"எப்பிடி? பாஸே?"

"ஓம் அப்பா" என்றாள் பெனிற்றா. பாடப்புத்தகத்தில் அவருடைய வயதுக்குப் போட்டிருந்த எண் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

அன்றிலிருந்து அவள் அப்பாவைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. அவர் கார்ச் சாவியைத் தேடினால் பின்னாலேயே போய் நின்றாள். அவளைக் கூப்பிட நினைத்து அவளுடைய தம்பியின் பெயரைச் சொன்னால், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறதி நோய் பற்றி வாசித்தாள். மூளையைப் படிக்கிறேன் என்று மூன்று வருடம் சொல்லித் திரிந்தவளுக்கு, பக்கத்து அறையில் நடப்பது இத்தனை நாளும் கண்ணில் படவில்லையா? அம்மாவிடம் சொல்வதா? மருத்துவரிடம் கூட்டிப் போவதா? ஒரு சோதனையை வைத்து ஒன்றும் முடிவு செய்யக்கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பரீட்சையில் அதை எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறாள். ஆனால் எழுதியது வேறு யாரோ ஒருவரைப் பற்றி.

டிஸ்ட்ரிக் லைன் ரயிலில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். மைல் எண்ட் நிலையம் தாண்டும்போது திடீரென்று ஒன்று பிடிபட்டது. ஏழும் காட்டில் இருப்பவை. நாய் இல்லை, பூனை இல்லை, ஆடு மாடு இல்லை. மூளையில் அடிபட்டவர்களில் சிலருக்கு ஒரு குறிப்பிட்ட வகைச் சொற்கள் மட்டும் அழிந்துபோகும் என்று இரண்டாம் வருடத்தில் படித்திருந்தாள். அப்பாவுக்கு வீட்டு விலங்குகள் முழுக்கப் போய்விட்டன!

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. அப்பாவின் சோற்றுக் கோப்பையிலிருந்த கறியைக் காட்டினாள்.

"அப்பா, இது என்ன?"

அருள்நேசன் கறியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "கோழி. ஏன், பழுதாப் போச்சே?"

"இஞ்ச, காலமைதான் சமைச்சனான்" என்றாள் அம்மா.

"இல்லை. கோழி எண்டு தெரியுதெல்லே? அப்ப அண்டைக்கு ஏன் நீங்கள் கோழி எண்டு சொல்லேல்லை?"

"எண்டைக்கு?"

"மிருகம் கேட்டனே, அண்டைக்கு."

அருள்நேசன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "கோழி மிருகமே?"

"பிறகு?"

"கோழி கோழி. மிருகம் எண்டால் காட்டில இருக்கிறது. மிருகக்காட்சிசாலையில கோழியே அடைச்சு வைச்சிருக்கிறாங்கள், பிள்ளை?"

"அப்ப நாய்?"

"நாயைப் போய் ஆராவது மிருகம் எண்டு சொல்லுவினமே? பாவம். நாயும் வந்தது, பூனையும் வந்தது, மாடு ரெண்டு மூண்டு தரம் வந்தது. நீ மிருகம்தான் வேணும் எண்டாய். நான் எல்லாத்தையும் தள்ளித் தள்ளி விட்டனான். தள்ளுறதிலயே நேரம் போட்டுது."

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெனிற்றா படித்த புத்தகத்தில் 'மிருகங்கள்' என்ற தலைப்பின் கீழ் பசுவும் முயலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அந்தப் படத்தோடுதான் அந்தச் சொல் அவளுக்குள் வந்தது. மீனவக் கிராமமான பேசாலையில் பிறந்த அப்பாவுக்கு அது வேறு வழியால் வந்திருக்கிறது. அப்பா முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் வெறும் நேரம் இல்லை. ஆடும் மாடுமாக ஒரு முழுப் பட்டியும் வந்து வாசலில் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஏழு என்று எழுதியிருந்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது.

"என்ன பிள்ளை? பெயிலே நான்?"

"இல்லையப்பா. நான்தான் பெயில்." அவள் சொல்லிவிட்டாள். பயந்ததையும், எதற்குப் பயந்தாள் என்பதையும்.

"அதுதானே இவள் நான் சாவி தேடேக்க எல்லாம் பின்னால வந்து நிண்டவள்" என்றார் அருள்நேசன் மனைவியிடம். பிறகு மகளிடம், "கேட்டிருக்கலாமே என்னட்ட. நான் இஞ்சதானே இருக்கிறன்."

அவள் படித்த அத்தனை முறைகளிலும், முன்னால் இருக்கும் ஆளிடமே கேட்பது என்பது ஏன் கடைசியாக நினைவுக்கு வந்தது என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆபிஸ் அவர்ஸில் கதவைத் தட்டினாள். டொக்டர் மார்ஷ் முழுவதையும் கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தார். ஒத்திகை எதற்கு இருக்கிறது என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது, இதை ஆய்வில் ஒரு பகுதியாகவே எழுது, வகையை மட்டும் மாற்றிக்கொள் என்றார்.

எதற்கு மாற்றுவது? 'விலங்கு' என்றால் கையில் பூட்டுவது என்றாள் அம்மா. 'சீவராசி' என்றதும் "அதுக்குள்ள நானும் வருவனே" என்றார் அப்பா. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து மீன் என்று முடிவுகட்டினார்கள். அதில் யாருக்கும் குழப்பம் வராது.

அடுத்த ஒத்திகைக்கு அம்மா உட்கார்ந்தாள். பெனிற்றா நேரத்தை ஓடவிட்டாள்.

"பாரை, சூடை, விளைமீன், கும்பிளா, திருக்கை, சுறா, ஓரா, அறக்குளா, சாளை, நண்டு..."

"நண்டு மீனே?" என்றார் அருள்நேசன்.

"அப்பா, நீங்கள் கதைக்கக் கூடாது!"

"இல்லை, கேக்கிறன். நண்டு எப்பிடி மீன்?"

"நண்டு வேற எங்க விக்கிறாங்கள்? மீன்கடையிலதானே?" அம்மா உட்கார்ந்திருந்த கதிரையை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மீன்கடையில கறிக்குப் புளிவிடத் தேசிக்காயும்தான் விக்கிறாங்கள். அதுவும் மீனே?"

"அப்ப கணவாய்?"

"கணவாயும் இல்லை, இறாலும் இல்லை."

"இறாலும் இல்லையாம்! கேட்டியே, பெனி, உன்ர கொப்பற்ற கதையை?"

அலாரம் அடித்தது. இருவரும் நிறுத்தவில்லை. பெனிற்றா அலாரத்தை அணைத்தாள், ஒலிப்பதிவை அணைக்கவில்லை. கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, ஒவ்வொருத்தராச் சொல்லுங்கோ. மீன் எண்டால் என்ன?" என்று கேட்டாள்.