ஓட்டுப் பட்டியலுக்காக ஊருக்குப் போனவள்

மாதாப்பூரில் நான் சமையல் வேலை செய்யும் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒருநாள் காலையில் பாதி வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கவும் வீடு துடைக்கவும் ஆள் வரவில்லை. தெலுங்குப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வங்காளம் பேசும் பெண்கள்தான் ஒருத்தி மிச்சமில்லாமல் வரவில்லை.

நான் வேலை செய்வது ஒரு கோயம்புத்தூர்த் தம்பதி வீட்டில். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அந்த வீட்டுப் பெண் என்னை அக்கா என்பாள், நான் அவளை ‘ம்மா’ என்பேன். அன்றைக்கு அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்படிக்கு வந்தாள்.

“ஏனுங்க்கா, நம்ம வீட்டுல துடைக்கிறவ காய்ச்சல்னுதான சொன்னா?”

“ஆமாம்மா.”

“நம்ம அபார்ட்மெண்ட் குரூப்புல பாருங்க. மேல் வீட்டுல வேலை செய்யறவளுக்குத் தம்பி கல்யாணமாமா. எதுத்த பிளாக்குல ஒருத்தி மாமியார் செத்துட்டாங்கன்னு போயிருக்கா. அதுக்கும் பக்கத்து வீட்டுலயும் மாமியார் சாவுங்க!”

சோபாவில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் சிரித்தார். “மாமியாருங்களுக்கு மட்டும் வர்ற நோய் போல இருக்கு.”

அவளும் சிரித்தாள். பிறகு அடுத்த செய்தியைப் படித்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. “எல்லாரும் ஓடிட்டாங்கன்னு போட்டிருக்காங்க. போலீஸ் செக்கிங்குக்குப் பயந்துட்டு. அத்தனை பேரும் பார்டர் தாண்டி வந்தவங்களாம்.”

என் கையிலிருந்த கரண்டி எண்ணெயில் நழுவிவிட்டது. எனக்கு இயல்பே அப்படி. கேஸை மூடிவிட்டேனா என்று பஸ் ஏறிய பிறகும் நினைத்துக்கொண்டிருப்பவள் நான். ஆதார் நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் பையில் வைத்திருப்பேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. எழுதப் படிக்கத் தெரியும் என்றாலும், ஒரு அதிகாரி முன்னால் காகிதத்தை நீட்டினால் எழுத்தெல்லாம் ஓடிப்போய்விடும்.

அன்று எனக்குப் பயம் வந்ததற்குக் காரணம் வேறு. அவர்கள் எதற்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வீட்டில் துடைக்க வருகிறவள் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் ஊர் மேற்கு வங்காள எல்லையோரம், கூச் பெஹார் பக்கத்தில் ஏதோ கிராமம். அவள் புருஷனுக்கு பாலாநகரில், நாங்கள் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில், பாலிஷ் பட்டறையில் வேலை. காலையில் நாங்கள் இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வருவோம். அவளுக்கு என்னிடமிருந்து கொஞ்சம் தமிழ் ஒட்டியிருந்தது, எனக்கு அவளிடமிருந்து கொஞ்சம் இந்தி. ஊரில் ஓட்டுப் பட்டியலைப் புதிதாகச் சரிபார்க்கிறார்களாம். நேரில் போய்த் தாளைக் கொடுக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அவர்களுக்குள் பேச்சு. அதனால் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே ரயிலில் டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

“அதை வீட்ல சொல்லிட்டுப் போயேண்டி” என்றேன்.

“நக்கோ, வேணாம் அக்கா. நெறைய நாள்னு சொன்னா வேற ஆள் போட்டுரும். காய்ச்சல்னா நாலு நாள் பாக்கும். அப்புறம் நான் இன்னும் காய்ச்சல்னு போன்ல சொல்லும்.”

வீட்டு வேலைக்குப் போகிறவர்களிடம் இது எழுதாத வழக்கம். லீவுக்கு உண்மைக் காரணத்தைச் சொல்வதில்லை. நீண்ட நாள் போகிறேன் என்றால், போகிற அன்றே அந்த இடத்தில் வேறொருத்தி துடைப்பத்தோடு நிற்பாள். அதனால் சின்னதாக ஒரு காரணம், பிறகு அதை இழுத்துக்கொண்டே போவது. வீட்டுக்காரர்களுக்கும் இது தெரியும், தெரியாதது போல இருப்பார்கள். இவர்கள் செய்த பிழை, அத்தனை பேரும் ஒரே நாளில் ஆளுக்கொரு காரணம் சொன்னது. வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே குரூப்பில் இருக்கிறார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. சாதாரண நாளாக இருந்தால் அது சிரிப்போடு போயிருக்கும்.

சாதாரண நாளாக இல்லை. நகரத்தின் இன்னொரு கோடியில் போலீஸ் வாடகை அறைகளைச் சோதித்து, சிலரை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்திருந்தது. சிலரை மாலையே விட்டார்கள், சிலரை விடவில்லை. எங்கள் தெருவில் ஒரு கட்சியின் ஆட்டோ, அந்நியர்களை ஒருவர் விடாமல் வெளியேற்றுவோம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போகும். அதன் பின்னாலேயே இன்னொரு கட்சியின் ஆட்டோ, ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வரும். டிவியில் ஆளும் கட்சிக்காரர் இரண்டு பக்கமும் நோகாமல் பேசுவார். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, “மூணு பேரும் ஓட்டுக்குத்தான் வர்றாய்ங்க. ஒனக்கு எதுக்கு வேர்க்குது?” என்பார்.

“நாமளும் பொழைக்க வந்தவங்கதானங்க.”

“நாம விருதுநகருடி. அது இந்தியாவுலதான் இருக்கு.”

“கூச் பெஹாரும் அங்கனதான இருக்கு?”

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அன்று அடுப்படியில் கரண்டியை எடுத்து அலம்பிவிட்டு, நான் அந்த வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். காய்ச்சல் இல்லைம்மா, ஓட்டுப் பட்டியலுக்காகப் போயிருக்கிறாள், எல்லோரும் அதற்குத்தான் போயிருக்கிறார்கள். அவள் உடனே குரூப்பில் எழுதினாள். பதில்கள் வந்து விழுந்தன. ‘இப்போது இதை நம்பச் சொல்கிறீர்களா?’ ‘முதலில் காய்ச்சல் என்றவள்தானே?’ ஒருவர் மட்டும், தன் வீட்டு வேலைக்காரியும் முன்பு இதைப் பற்றிப் பேசினாள் என்று எழுதினார். அது மற்றவற்றின் அடியில் போய்விட்டது.

அவள் கணவர் கெட்டவர் அல்ல. என் பையனின் பாலிடெக்னிக் சேர்க்கைக்குத் தன் மேசையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் பூர்த்தி செய்து கொடுத்தவர். அவர் நிதானமாகத்தான் சொன்னார். “அக்கா, யார் வேணா வந்து இருந்துக்கலாம்னா அப்புறம் நாட்டுக்கு எல்லை எதுக்குங்க? பொய்யான கார்டோட சில பேரைப் பிடிச்சிருக்காங்க, அதும் நெசந்தான. நம்மாளு அப்படி இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எப்படித் தெரியும்? அவள் சொன்னாள், நான் நம்பினேன். அவள் ஊரை நான் பார்த்ததில்லை. அவர் சொன்னது தப்பு என்றும் எனக்குப் படவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அவள் என்னிடம் பேசிய பேச்சையெல்லாம் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மழைக்காலத்தில் ஆறு வீட்டுவாசல் வரை வரும் என்று ஒருமுறை சொன்னாளே, அது எந்த ஆறு? எந்தப் பக்கத்து ஆறு? இப்படியெல்லாம் ஒருத்தியைப் பற்றி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. நினைப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

குடியிருப்புச் சங்கம் கூடிப் பேசி முடிவு செய்தது. வேலைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. கேட்டில் அதைச் சொன்னால் காவலாளி தன் போனில் அடித்துப் பார்த்து உள்ளே விடுவார். ஊருக்குப் போன பெண்கள் எல்லோருடைய எண்ணையும் நிறுத்திவிட்டார்கள். திரும்ப வேண்டுமென்றால் வீட்டுக்காரர்களில் ஒருவர் இவளை எனக்குத் தெரியும், இவளுக்கு நான் பொறுப்பு என்று தன் போனிலிருந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊரிலிருந்து அவள் போன் செய்தபோது இதைச் சொன்னேன். அவளுக்குப் பின்னால் கூட்டத்தின் சத்தமும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன.

“ஓடிப் போச்சுன்னு சொல்லுறாங்களா?” என்றாள்.

“சில பேர் சொல்றாங்க.”

“நீ?”

“நான் அப்படிச் சொல்லலை.” அது உண்மை. வாயால் நான் சொல்லவில்லை.

அவள் திரும்பி வந்தது ஒரு திங்கட்கிழமை. மற்றவர்களில் பாதிப் பேர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், சிலர் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். பழைய கேட்டுக்கே திரும்பி வந்தவள் இவள் ஒருத்திதான். ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் கறுத்து ஒட்டிப்போயிருந்தது.

“பேர் வந்துருச்சா?” என்றேன்.

“என் பேர் இருக்கு. அவர் பேர் இல்ல. ஒரே வீடு அக்கா, ஒரே தாள்ல குடுத்தோம். மறுபடி விசாரணைக்குக் கூப்பிடுமாம். அவர் அங்கயே இருக்கார்.”

“அப்ப நீ ஏன் வந்த?”

“வேல போயிருமே.”

கேட்டில் காவலாளிகளின் சூப்பர்வைசர் நின்றிருந்தார். பாலாநகர்க்காரர்தான், என்னை நன்றாகத் தெரியும். அவள் எண்ணை அடித்துப் பார்த்தார். போனில் சிவப்பாக ஏதோ வந்தது.

“நை ஹோதா, முடியாது அம்மா. பிளாக் ஆகியிருக்கு” என்றார் இந்தியில்.

“எனக்குத் தெரியும் அண்ணா இவளை. நான் சொல்றேன்.”

“நீங்க சொல்லி என்ன அம்மா?” அவர் குரலில் ஏளனம் இல்லை, அலுப்புதான் இருந்தது. “நீங்களும் ஸ்டாஃப். ஓனர் சொல்லணும். நாளைக்கு உங்களுக்கே இதே மாதிரி வந்தா நான் யாரைக் கேப்பேன்?”

என் கை தானாகப் பையில் இருந்த பிளாஸ்டிக் உறையைத் தொட்டது. நான் வீட்டுப் பெண்ணுக்குப் போன் செய்தேன். எடுப்பாள் என்று நினைக்கவில்லை. எடுத்தாள், இறங்கியும் வந்தாள். தலைக்குக் குளித்து ஈரத்தைத் துண்டில் சுற்றியிருந்தாள். வெளியே நின்றவளைப் பார்த்ததும், “அட, இளைச்சுட்டியே” என்றாள் இந்தியில். அவள் சிரிக்க முயன்றாள்.

சூப்பர்வைசர் விவரம் சொன்னார். வீட்டுப் பெண் தன் போனைத் திறந்தாள். பொறுப்பேற்கிறேன் என்று ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ இருந்தது, கீழே ஒரு பொத்தான். அவள் அதை முழுவதும் படித்தாள். விரல் பொத்தானுக்கு மேலே நின்றுவிட்டது.

“அக்கா,” என்றாள் தமிழில், மெதுவாக. “உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமாங்க?”

வெளியே நின்றவளுக்குத் தமிழ் புரியும் என்று வீட்டுப் பெண் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நாளைக்கு ஏதாவது என்றால் அந்தப் பெண்ணின் தலையில் விழுமே, என் தலையில் விழுமே என்ற பயம் வந்தது. இல்லை என்று சொன்னால், அவள் அப்படியே திரும்பி ரயில் ஏற வேண்டியதுதான்.

“நிச்சயமான்னா எனக்குத் தெரியாதும்மா,” என்றேன். “நான் அவ ஊரைப் பார்த்ததில்லை. ஓட்டுப் பட்டியலுக்குப் போறேன்னு சொன்னா, போனா. வேலைக்கு வருவேன்னு சொன்னா, வந்திருக்கா. ஓடிப்போனவ யாராச்சும் அதே கேட்டுக்குத் திரும்பி வருவாளா? எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தெரியாது என்று நான் சொன்னதை அவள் கேட்டுவிட்டாள்.

வீட்டுப் பெண் தன் கணவருக்குப் போன் செய்தாள். கொஞ்ச தூரம் தள்ளிப் போய்ப் பேசினாள். திரும்பி வந்து சூப்பர்வைசரிடம், “முழுப் பொறுப்பு வேண்டாம். தினமும் கேட்டுக்கு வர்றப்போ எனக்கு அனுப்புங்க, நான் அனுமதி குடுக்கறேன்” என்றாள். விருந்தாளிகளுக்குச் செய்வது போல, அன்றன்றைக்கு. துடைக்க வருகிறவளின் புருஷனுக்கு விசாரணை முடிந்து காகிதம் வரும்வரை அப்படி இருக்கட்டும் என்று பேச்சாயிற்று. போனை அழுத்தினாள். கம்பி திறந்தது.

வேலைக்காரர்களுக்கான லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். “நீ எனக்காகப் பொய் சொல்லிருக்கலாம்” என்றாள் அவள்.

“சொல்லியிருக்கலாம்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபமா, சம்மதமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாடி வந்ததும் துடைப்பத்தை எடுக்கப் போய்விட்டாள்.

இப்போதும் காலையில் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் வருகிறோம். கேட்டில் என் எண்ணைச் சொன்னதும் எனக்குத் திறந்துவிடும். அவளுக்குச் செய்தி மேலே போக வேண்டும், அவள் நிற்க வேண்டும். வீட்டுப் பெண் சில நாள் தூங்கிக்கொண்டிருப்பாள், சில நாள் அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங்கில் இருப்பாள். முதலில் நான் உள்ளே போய், அவளை எழுப்பி அழுத்தச் சொன்னேன். பிறகு அப்படிப் போகக் கால் வரவில்லை. துடைக்கிறவளோடு வெளியிலேயே நிற்க ஆரம்பித்தேன். இட்லி தாமதமானது. ஏன் தாமதம் என்று வீட்டுப் பெண் கேட்டாள், சொன்னேன்.

அடுத்த நாள் நாங்கள் கேட்டை அடைந்து செய்தி போன உடனேயே அனுமதி வந்துவிட்டது. அழுத்தியது வீட்டுப் பெண்ணின் கணவர் என்று சூப்பர்வைசர் சொன்னார். அதற்கடுத்த நாள் அனுமதி உடனே வரவில்லை. அவள் புருஷனை விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. வெயில் ஏற ஏற மதில் நிழல் எங்கள் காலை விட்டு விலகிக்கொண்டே போனது. அவள் பையிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். உள்ளே போகிற கார்களுக்கு வழிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.