ஜெபமணி டீச்சரின் நாளைய ஸ்பானிஷ் பாடம்

ஜெபமணி டீச்சர் போய்விட்டார்கள்.

காலையில் ஸ்டாஃப் குரூப்பில் வந்த மெசேஜை நான் படித்து முடிக்கவில்லை... பள்ளி ஆப்பில் டீச்சரின் குரல் வந்து விழுந்தது. "புவெனோஸ் தியாஸ் பிள்ளைகளா, இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. செய்திதான் தப்பாக இருக்கும் என்று டீச்சர் நம்பருக்கே போன் போட்டேன். அவர்கள் வீட்டுக்காரர் சாமுவேல் அண்ணாச்சி எடுத்து, "ஆமா தம்பி" என்று மட்டும் சொன்னார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் வாத்தியார், டீச்சர் இங்கிலீஷ். ஆறாம் வகுப்புக்கு ஸ்பானிஷ் கொண்டுவந்த நிர்வாகம், "ரெண்டுக்கும் எழுத்து ஒண்ணுதானே டீச்சர்" என்று அதை அவர்கள் தலையில் கட்டிவிட்டது. ஒரு ஸ்மார்ட் போர்டு, அதற்குள் ஸ்பானிஷ் பேசும் ஒரு அம்மா... அவ்வளவுதான் ஏற்பாடு.

முதல் வகுப்பிலேயே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "தம்பி, அந்தப் பொம்பளையக் கொஞ்சம் பைய பேசச் சொல்லுங்க. பஸ்ஸப் பிடிக்கப் போறவ மாதிரில்லா பேசுதா!"

நானும் ஸ்பீடைக் குறைத்தேன். அந்த அம்மா தூக்க மாத்திரை போட்டவள் போல இழுக்க ஆரம்பிக்க, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும்தான்... சிரித்து அடங்கவே நேரமானது.

அதன் பிறகு அவர்களே படித்து, சொந்தக் குரலில் பாடத்தைப் பதிவு செய்து, தினமும் காலையில் ஆப்பில் போட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து பதில் சொல்லி வாய்ஸ் நோட் அனுப்ப வேண்டும். அதையே வகுப்பில் போர்டில் ஓடவிட்டுத் திருத்துவார்கள். குக்கர் விசில், பஸ் ஹாரன், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் கலந்துதான் ஸ்பானிஷ் வரும்!

ஒரு நாள் 'என் வீடு ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது' என்று பாடம். மொத்த வகுப்பும் அப்படியே திருப்பிச் சொன்னது. டீச்சர் ஒருவனைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏலே, உன் வீட்டுல இருந்து ஆத்துக்குப் பஸ்ஸுல்லா ஏறணும்? ஸ்பானிஷ்ல சொன்னாலும் பொய் பொய்தாம்லே."

இன்னொரு நாள் மேலப்பாளையத்திலிருந்து ஆயிஷாவின் வாய்ஸ் நோட். பேசியது அவள் அம்மா. "டீச்சர், புள்ளைக்குக் காய்ச்சல். பீடி சுத்திக்கிட்டே நானும்தான் தினமும் கேக்குதேன்... நான் சொல்லட்டா?" சொல்லவும் செய்தார். டீச்சருக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

போன வாரம், "சின்ன ஆபரேஷன் தம்பி, மதுரைக்குப் போறேன். பாடம் நின்னுறக்கூடாது" என்று நிறையப் பதிவுகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தினம் ஒன்றாகத் தானே போகும்படி ஷெட்யூல் செய்தது நான்தான். சின்ன ஆபரேஷன் என்றுதானே சொன்னார்கள்...?

இன்றைய பாடம் சாப்பாடு. "யோ கோமோ இட்லி. அப்படின்னா, நான் இட்லி சாப்பிடுதேன். இப்ப நீங்க சொல்லுங்க." செய்தி தெரியாத பிள்ளைகள் வரிசையாகச் சொன்னார்கள். யோ கோமோ தோசை. யோ கோமோ உப்புமா.

பிறகு ஒரு பெண்பிள்ளை டைப் அடித்திருந்தாள். "டீச்சர், நீங்க இறந்துட்டீங்கன்னு எங்க அம்மா சொல்லுதாங்க. ஹோம்வொர்க் அனுப்பவா, வேண்டாமா?"

ஆப்புக்கு அட்மின் நான். டைப் அடித்தேன், அழித்தேன். கடைசியில் "அனுப்பும்மா" என்று போட்டுவிட்டேன். அவள் அனுப்பினாள். திருத்த எனக்கு ஸ்பானிஷ் தெரியாது.

மதியம் பிரின்சிபால் அழைத்தார். "சங்கர் சார், நாளைக்கு மத்தியானம் அடக்கம். காலையில அந்தக் குரல் வந்தா பிள்ளைங்க பயந்துரும். எல்லாத்தையும் இன்னைக்கே டெலிட் பண்ணிருங்க."

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அழிக்கக் கை வரவில்லை. அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

வீடு நிறையக் கூட்டம். அண்ணாச்சி பின்பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "இன்னைக்கும் பேசினாளா? போடுங்க தம்பி" என்றார். போட்டேன்.

"கொஞ்சம் நிறுத்துங்க தம்பி... யோ கோமோன்னு என்ன சொல்லுதா?"

"இட்லி சாப்பிடுதேன்னு சொல்லுதாங்க அண்ணாச்சி."

அவர் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது மதுரைக்குக் கிளம்புன அன்னைக்கு எடுத்ததுல்லா. நான் கதவத் தட்டுத சத்தம் கேட்டுது பாருங்க... அன்னைக்கு அவ பச்சத்தண்ணிகூடக் குடிக்கல தம்பி. நான் எவ்வளவோ கெஞ்சினேன். இட்லி சாப்பிட்டேன்னா சொல்லுதா?"

பாடத்துக்காகச் சொன்னது என்று விளக்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

அவரே கேட்டார். "நாளைக்கு என்ன பேசுவா?"

"தெரியல அண்ணாச்சி. நான் கேட்டுப் பார்க்கல. எல்லாத்தையும் அழிக்கச் சொல்லுதாங்க..."

"பிள்ளைகளுக்குப் போக வேண்டாம்னா எனக்குப் போடுங்க. அதே நேரத்துக்கு வரட்டும்."

"பாதி ஸ்பானிஷ்ல்லா அண்ணாச்சி... உங்களுக்குப் புரியாதே."

"புரியாட்டாப் போகுது. அவ பேசுதாள்லா."

வீட்டுக்கு வந்து ஷெட்யூலில் ஆறாம் வகுப்பை நீக்கிவிட்டு அண்ணாச்சியின் பெயரைச் சேர்த்தேன். பிள்ளைகளுக்கு இனி வராது என்று மட்டும் பிரின்சிபாலிடம் சொல்லியிருக்கிறேன். செய்தது சரியா, தப்பா... தெரியவில்லை. நாளை ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டு ஏன் பாடம் வரவில்லை என்று கேட்கப்போகும் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது, அதுவும் தெரியவில்லை.

டீச்சர்... காலையில் அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருப்பார்.

போய் வாருங்கள்.