எண்பத்து நாலு இடம் எண்ணி வாங்கிய பேஸ் கிட்டார்

மேடையில் பேஸ் கிட்டார் வாசிப்பவனை யாரும் பார்க்க மாட்டார்கள், அதே ஆள் கிட்டார் வாங்கப் போனால், செய்து விற்பவர் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "பேரனுக்குங்களா?" என்று கேட்பார்.

என் பெயர் ஏழுமலை. ஊர் கச்சிராயபாளையம், வயது அறுபத்தொன்று, படிப்பு ஏழாம் வகுப்பு. கள்ளக்குறிச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் முப்பத்து மூன்று வருடமாக பேஸ் வாசிக்கிறேன். மீதி நேரம் கரும்பு. இதுவரை எனக்காக மூன்று கிட்டாரும், பிறருக்காகப் பதினெட்டும் பார்த்து வாங்கியிருக்கிறேன். விலைகளை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் இதைப் படிப்பார்கள். அளவு கொடுத்துச் சட்டை தைத்துக்கொண்டவர்கள், சொல்லி பீரோ செய்துகொண்டவர்கள் எல்லாரும் என் கட்சிதான். நாம் சொன்னது ஒன்று, வந்து சேர்ந்தது ஒன்று, "நீங்க இதானே சொன்னீங்க" என்று செய்து கொடுத்தவர் சொல்வது ஒன்று. உங்களுக்குத் தெரியாததா?

எனக்கு அதிகம் பேச வராது. அதனால் கிட்டார் பார்க்கப் போகும் இடத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்வேன். கம்பியை ஒரு தட்டு தட்டிவிட்டு, சத்தம் அடங்கும்வரை மனதுக்குள் எண்ணுவேன். பேஸுக்கு நாலு கம்பி. கழுத்தில் விரல் வைக்க இருபது கட்டு. விரல் வைக்காமல் சும்மா தட்டுவதையும் சேர்த்தால் ஒரு கம்பிக்கு இருபத்தோரு இடம், மொத்தம் எண்பத்து நாலு. நல்ல கிட்டாரில் எந்த இடத்திலும் பத்து எண்ணும்வரை சத்தம் நிற்கும். மட்டமானதில் ஏதாவது ஒரு இடம் மூன்றிலேயே செத்துப்போகும். அந்த ஒரு இடம் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் என் வித்தை. முழுசாக எண்ண அரை மணி நேரம் ஆகும். எதிரில் நிற்பவருக்கு அது அரை நாள் மாதிரி இருக்குமாம்.

செல்வம் வைத்த கெடு

எங்கள் குழுவை நடத்துவது செல்வம். கீபோர்டும் அவன்தான். நல்ல பையன், பையன் என்றால் நாற்பத்தைந்து வயது. போன தை மாதம் ஒரு வரவேற்பில் என் பழைய கிட்டாரின் கழுத்து வளைந்து, கம்பி கட்டுகளில் உரசி, பாட்டு முழுக்க 'டர்ர்' என்று ஒரு சத்தம். அந்தக் கிட்டாருக்குப் பத்தொன்பது வயது. கழுத்தை நிமிர்த்தும் திருகைச் சாவி போட்டு இறுக்கிப் பார்த்தேன், தேறவில்லை.

செல்வம் என்னைச் சாப்பாட்டுப் பந்தி ஓரமாக அழைத்துப் போனான். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. மரியாதையாகப் பேசினான். ஆவணியில் கல்வராயன் மலையில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறோம், அதற்குள் ஒரு வழி செய்ய வேண்டும் என்றான். என்ன வழி என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்: "பேஸு இப்பல்லாம் கீபோர்டுலயே எடது கையால வந்துடுதுண்ணே. ஆவணி வரைக்கும் பாக்கறேன், அதுக்கு மேல நீங்க வூட்ல நிம்மதியா இருங்க."

தப்பு யார்மேல்

எனக்குக் கடையில் தொங்கும் கிட்டார் ஒத்துவராது. இடது சுண்டுவிரலைச் சின்ன வயதில் கரும்பு வெட்டும் கத்தி பதம் பார்த்துவிட்டது, பாதிதான் நிமிரும். கழுத்து அகலமாக இருந்தால் தடித்த கம்பிக்கு விரல் எட்டாது. ஆகவே சொல்லிச் செய்ய வேண்டும். மாசி மாதம் புதுச்சேரிப் பக்கம் ஒருவரிடம் போனோம். போனோம் என்றால் நானும், எங்கள் குழுவில் டோலக் வாசிக்கும் காதரும். எனக்கும் சேர்த்து அவன் பேசுவான்.

அவர் செய்து வைத்திருந்த கிட்டார் புதுக்கார் மாதிரி மின்னியது. உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். அறுபத்தொன்பது இடம் வரை சுத்தம். மெல்லிய கம்பியில் ஆறாவது கட்டு, மூன்றிலேயே அடங்கிவிட்டது. மறுபடி தட்டினேன், மூன்று. அவர் ஆம்ப்ளிஃபையரைக் கூட்டி வைத்தார். சத்தமாக மூன்று. "ஐயா, அது கிட்டார் தப்பு இல்லீங்க, ரூம் தப்பு. இந்தச் சுவருங்க சத்தத்தை இழுத்துடுது" என்றார். நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, கட்டையில் காதை வைத்துக்கொண்டு தட்டினேன். அங்கும் மூன்று. காதர் அவரைப் பார்த்துக் கேட்டான்: "இப்ப இன்னாங்க சொல்றீங்க, புதுச்சேரியே தப்பா?"

நான் சொன்ன ஒல்லி

அடுத்தது என் தப்பு. அதையும் எழுதிவிடுகிறேன். சென்னையில் ஒருவர், நல்ல பெயர் உள்ளவர். நேரில் போகாமல் போனிலேயே குரல் பதிவு அனுப்பினேன். பதினோரு வாரத்தில் கிட்டார் வந்தது. எண்பத்து நாலு இடமும் சுத்தம். ஆனால் கையில் பிடித்தால் கழுத்து அப்பளம் மாதிரி இருக்கிறது, அகலம் மட்டும் கடையில் தொங்குவது போலவே. போன் செய்தேன். "நீங்க ஒல்லியா வேணும்னுதானே சொன்னீங்க" என்றார். என் குரலை நானே போட்டுக் கேட்டேன். ஒல்லி என்று நாலு தடவை சொல்லியிருக்கிறேன். குறுகல் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சரி, பழகிக்கொள்ளலாம் என்று அதையும் சோதித்துப் பார்த்தேன். ஊர் வெயிலில் சரியாக இருக்கும் கழுத்து மலைமேல் பனியில் திரும்பிக்கொள்ளும். ஆகவே எந்தக் கிட்டாரையும் ஒரு நாள் பஸ்ஸில் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு ஏற்றிப் பார்ப்பது என் வழக்கம். மலைப்பாதை வளைவுகளை மட்டும் என்னால் சரியாக எண்ண முடிந்ததில்லை, வயிறு விடாது. மேலே ஒரு டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் பனியில் வைத்திருந்து எடுத்து, தடித்த கம்பியைத் தட்டினேன், 'டர்ர்' என்றது. ஒல்லிக் கழுத்து வளைந்துவிட்டிருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இன்னாங்க, உள்ள வண்டு ஏதாவது கீதா?"

சென்னைக்காரர் நல்ல மனிதர். ஒல்லியாகக் கேட்கிற வேறு ஆள் இருக்கிறார் என்று அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

புலி வரி

வைகாசி பிறந்துவிட்டது, கையில் கிட்டார் இல்லை. அந்தச் சமயம் பார்த்து மணலூர்பேட்டையிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். ஓய்வு பெற்றதும் பேஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பல வருடமாக ஆசையாம். எங்கேயோ சொல்லிச் செய்து வாங்கிய கிட்டாரை என்னிடம் காட்டினார். முகப்பு மரம் முழுக்கப் புலி வரி போல அலை அலையாக ரேகை. அதற்காகவே வாங்கினாராம்.

நான் மரத்தின் முகப்பைப் பார்த்தேன், பிறகு விளிம்பைப் பார்த்தேன். முகப்பில் ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர வேண்டும். இதில் விளிம்போடு நின்றுவிட்டது. நகத்தால் ஓரத்தை லேசாகத் தூக்கினேன். புலி உரிந்து வந்துவிட்டது. அச்சடித்த தாள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நல்லவேளை, அவர் சிரித்துவிட்டார். "அப்ப நான் இத்தினி நாளா கட்டிப்புடிச்சிக்கினு இருந்தது கிட்டார் இல்லீங்க, காலண்டர்."

பதினாலு தடவை பிடிங்க

அந்தக் காலண்டரைச் சரிசெய்ய முடியுமா என்று விசாரித்துத்தான் ரேவதி அம்மாவிடம் போனோம். கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பம் செய்கிற குடும்பம். வீட்டின் முன்பக்கம் அவருடைய அண்ணன்கள் சாமி சிலை செதுக்குகிறார்கள், பின்பக்கம் இந்த அம்மா கிட்டார் செய்கிறார். நாற்பது வயது இருக்கும். முப்பத்து மூன்று வருடமாக அதே ஊருக்கு வாரம் மூன்று நாள் போய் வருகிறேன், எனக்குத் தெரியவில்லை. என்னைப் போலவே பேசாத ஆள் என்றால் எப்படித் தெரியும்?

வாத்தியாரின் கிட்டாரை அந்த அம்மா தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே மரம் நல்ல மரம்தான், தாளை மட்டும் எடுத்தால் போதும் என்றார். அது எனக்குப் பிடித்தது. மட்டம் தட்டி வேறு ஒன்று விற்கப் பார்க்கவில்லை. மறுநாள் நான் எனக்காகப் போனேன். நான் வாயைத் திறக்குமுன்பே அவர் என் சுண்டுவிரலைப் பார்த்துவிட்டார். ஒரு மரத்துண்டை எடுத்துக் கொடுத்து "பிடிங்க" என்றார். பிடித்தேன். வாங்கி இழைத்துவிட்டு மறுபடி "பிடிங்க" என்றார். ஒல்லி, குறுகல் என்கிற பேச்சே எழவில்லை. காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை பதினாலு தடவை. வேறு ஒரு வார்த்தை இல்லை. மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த காதர் கடைசியில் எழுந்துவிட்டான்: "ரெண்டு பேரும் இவ்ளோ சத்தமா பேசிக்கினு இருந்தா மனுசன் எப்டிப்பா கண்ண மூடறது?"

ஏழா எட்டா

ஒன்பது வாரம் ஆயிற்று. ஆடி முடிய நாலு நாள். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு எண்ண உட்கார்ந்தேன். மெல்லிய கம்பியின் ஆறாவது கட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பென்சில் புள்ளி. அது என்ன என்று கேட்குமுன் ரேவதி அம்மா ஒரு தாளை நீட்டினார். கட்டம் போட்டு எண்பத்து நாலு இடத்துக்கும் எண் எழுதியிருந்தது, அவரும் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணியிருக்கிறார். எல்லாம் பத்துக்கு மேல். புள்ளி வைத்த இடத்தில் மட்டும் ஏழு. "முன்ன நாலுதாங்க வந்துது. தலைப்பக்கம் பின்னால ஒரு பித்தளத் துண்டு வெச்சி ஏழாக்கனேன். அதுக்கு மேல ஏறல. சொல்லாம குடுக்க மனசு வரல" என்றார்.

முப்பத்து மூன்று வருடத்தில் நான் கேட்காமல் ஒரு குறையை எடுத்துச் சொன்ன முதல் ஆள். சுவர்மேல் போடவில்லை, என்மேல் போடவில்லை. வாங்குவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். இருந்தாலும் பழக்கம் விடாதே, எண்பத்து நாலையும் எண்ணினேன். அரை மணி நேரமும் அவர் அசையாமல் எதிரில் உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று இடம் அவர் தாளோடு ஒத்துப்போனது. புள்ளி வைத்த இடத்தில் எனக்கு எட்டு வந்தது. நல்ல சேதிதானே என்று சந்தோஷமாகச் சொன்னேன். மறுபடி தட்டச் சொல்லிக் காதைச் சாய்த்துக் கேட்டார். "அந்த எடத்துக்கு வந்தா மட்டும் வேகமா எண்றீங்கண்ணே. ஏழுதான்."

சாமைக் களத்தில் கல்யாணம்

ஆவணி வந்தது. கல்யாணம் மலைமேல், சாமை அடிக்கும் களத்தில் பந்தல். விடியற்காலையில் வேனில் ஏறிப் போனோம். மேலே தூறலும் பனியும். காதரின் டோலக் தோல் தொங்கிப்போய், அதைக் கல்யாணச் சமையல் அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தான். நான் கிட்டாரைப் பையிலிருந்து எடுக்கவே பயந்தேன். எடுத்தேன். ஒரு கம்பி மட்டும் கால் திருகு இறங்கியிருந்தது. கழுத்து அப்படியே இருந்தது.

செல்வம் ஒரு ஏற்பாடு செய்திருந்தான். முதல் மூன்று பாட்டுக்கு அவனே இடது கையால் பேஸ் வாசிப்பான், பிறகு நான். எது தேவலை என்று அவனும் பார்த்துவிட வேண்டும் என்றான். நியாயம்தான். நான் மேடை ஓரம் நாற்காலியில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று பாட்டும் நன்றாகவே வாசித்தான். களத்தில் ஆடியவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் மழை விடுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது பாட்டுக்கு எழுந்து போய் நின்றேன். கை வியர்த்தது. அறுபத்தொரு வயதில் கை வியர்ப்பது எவ்வளவு கேவலம் தெரியுமா? முதல் தட்டு தட்டினேன். காலடியில் பலகை அதிர்ந்தது. பல்லவி முடியும்போது ஆடியவர்கள் பத்தொன்பது. சரணத்தில் முப்பத்திரண்டு. அதற்குமேல் ஒருவர் பின்னால் ஒருவர் மறைத்ததால் எண்ண முடியவில்லை. பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையருகே ஆடியபடி வந்தார். "இம்மாம் நேரம் பாட்டு காதுல கேட்டுதுங்க. இப்பதான் கால்ல கேக்குது" என்றார்.

நான் செல்வத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் விரல் தடுமாறும். மொத்தம் பதினாலு பாட்டு வாசித்தோம். அதில் இரண்டு, கேட்டார்கள் என்று திரும்ப வாசித்தது. புள்ளி வைத்த இடத்தை மூன்று தடவை தொட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசிப் பாட்டு முடிந்து நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன், செல்வம் இடது கையைப் பேண்ட் பையில் விட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒலிபெருக்கி வயரைச் சுற்றிக்கொண்டே என் பக்கம் வந்தான். அவன் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "ஐப்பசியில திருக்கோவிலூர்ல ரெண்டு, சின்னசேலத்துல ஒன்னு ஒத்துக்கினு கீறேன்ணே. அந்த தேதியில கரும்பு கிரும்புன்னு சொல்லிக்கினு இருக்காதீங்க."

ஆக, குறையே இல்லாத கிட்டார் என்று ஒன்று கிடையாது, குறையைத் தானே முதலில் சொல்லும் ஆள் கிடைத்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது என் முடிவு. ஆனாலும் அடுத்த கிட்டாரையும் நான் எண்ணிவிட்டுத்தான் வாங்குவேன், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக.