ஊர்காவற்றுறைக் கோட்டையில் ஒரு வெள்ளாடு

1984 மாசி, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். ஊர்காவற்றுறைக்குப் பன்னிரண்டு மைல், மூன்று ரூபாய். புறப்பட்டதும் யாழ்ப்பாணக் கோட்டை வருகிறது. உள்ளே ஆமி முகாம் இருக்கிறது. நின்று பார்க்க விடமாட்டார்கள். அதனால்தான் போர்த்துக்கேயர் கட்டிய இன்னொரு கோட்டையைப் பார்க்கப் போனேன்.

"கோட்டை பாக்கவோ?" என்று கொண்டக்டர் சிரித்தான். "அண்ணை, அங்கை ஆட்டுப் புழுக்கைதான் கிடக்கு."

ஒன்பதே காலுக்கு இறங்கினேன். அவன் சொன்னது சரி. கடலோரத்தில் பவளப்பாறையில் வெட்டிய முருகைக்கல் மதில்கள், இரண்டு ஆள் உயரம். கூரை இல்லை. கல்லைப் பிளந்துகொண்டு மரம் வளர்ந்திருக்கிறது. நல்ல காற்று. வாசலில் ஒரு வெள்ளாடு படுத்து அசை போட்டது. எனக்குக் கோபம் வந்தது. சரித்திரச் சின்னம் ஆட்டுக் கொட்டிலா? கத்திக்கொண்டு கல்லெறிந்தேன். ஆடு இடிந்த மூலையால் ஏறி மதில் உச்சியில் போய் நின்றது. அப்போதுதான் கண்டேன், வயிறு பானை போல இருந்தது.

ஆட்டுக்காரி ஓடி வந்தார். பெயர் மரியம்மா.

"ஆர் ஆட்டை மேலை கலைச்சது? வயித்திலை ரெண்டு குட்டி. விழுந்தா மூண்டும் போச்சு!"

"ஏன் கோட்டைக்குள்ளை விடுறியள்?"

"ஏன், பறங்கி திரும்பி வரப்போறானே? முதல் உங்கடை சத்தத்தை நிப்பாட்டுங்கோ."

குழை பறிக்கும் கொக்கைத்தடியை எடுத்து வந்து, நுனியில் பூவரசங்குழை கட்டினார். அவருக்கு எட்டவில்லை. தடியை என்னிடம் தந்தார்.

"பிடியுங்கோ. வாய் திறக்கப்படாது."

வாயை மூடுவது எனக்கு வராத வேலை. எக்கி நின்று தடியை நீட்டினேன். ஆடு ஓர் இலை கடித்தது. குழையை ஒரு கல் கீழே இறக்கினேன். ஆடும் ஒரு கல் இறங்கியது. பாதியில் கல் பெயர்ந்து முன்னங்கால் வழுக்கியது. நாக்கு நுனிக்கு வந்த தூசணத்தை விழுங்கினேன். "பா... பா..." என்று மரியம்மா மெல்லக் கூப்பிட்டார். முக்கால் மணித்தியாலம் போனது. கடைசியில் நாலு காலும் மண்ணில்.

அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "துடிக்குது" என்றார். நான் தடியைக் கீழே வைத்தேன்.

பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தார். "வாற மாசம் வாங்கோ, குட்டி பாக்கலாம். கல்லை மட்டும் தொடாதையுங்கோ."

"ஓம், வாறன்."

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். யாழ்ப்பாணக் கோட்டையில் ஒரு கல்லும் பெயரவில்லை. மதில் உச்சியில் ஆமிக்காரன் ஒருவன் துவக்கோடு நின்று எங்கள் பஸ்ஸைப் பார்த்தான். எந்தக் குழையைக் காட்டி அவனை இறக்குவது?